வெகுசனப் பண்பாடு நன்மையா, தீமையா? தரை டிக்கெட்டிலிருந்து தொடங்கும் ஒரு பதில்

முதுகலை படிக்கும் மாணவி ஒருவர் என்னிடம் இரண்டு கேள்விகளைக் கேட்டிருக்கிறார். சினிமா, சினிமாப் பாட்டு, வார இதழ்த் தொடர்கதை, தொலைக்காட்சித் தொடர் என்று விரியும் வெகுசனப் பண்பாட்டால் தமிழ்ச் சமூகம் பெற்றது நன்மையா, தீமையா என்பது முதல் கேள்வி. வளரும் பிள்ளைகளை அதிலிருந்து விலக்கி வைக்க வேண்டுமா என்பது இரண்டாவது. பட்டிமன்றங்களில் இந்தத் தலைப்பு எத்தனையோ முறை அலசப்பட்டுவிட்டது. நடுவர் கடைசியில் இரு அணிக்கும் பாதிப் பாதி வழங்கிவிட்டு எழுந்து போவார். அப்படிப் பங்கு பிரித்துக் கொடுக்க முடியாது என்பதே என் எண்ணம். நன்மைகள் எந்த வாசல் வழியாக வந்தனவோ, தீமைகளும் பெரும்பாலும் அதே வாசல் வழியாகத்தான் வந்தன. அந்த வாசலில் நின்றுகொண்டிருப்பவர் டிக்கெட் கிழிக்கிறவர். அவரைப் பற்றித்தான் இந்தப் பதில் முழுவதும் பேசப் போகிறேன்.

முதலில் சொல்லைச் சற்றுத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நாட்டார் கலை வேறு, வெகுசனக் கலை வேறு. தாலாட்டையும் ஒப்பாரியையும் பாடுகிறவரும் கேட்கிறவரும் ஒரே ஊரார். அங்கே விற்பனை இல்லை. கோயிலில் வாசித்த நாகசுரக்காரருக்கும் ஊர்ச் சாவுக்குப் பறையடித்தவருக்கும் கூலி இருந்தது; ஆனால் அந்தக் கூலியோடு சாதிக் கடமையும் சேர்ந்து ஒட்டியிருந்தது, வேண்டாம் என்று விலகும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. வெகுசனக் கலை என்பது முகமறியாத பெருங்கூட்டத்துக்கு விலைக்கு விற்பதற்காகவே செய்யப்படுவது. நல்லதும் கெட்டதும் இந்த ஒரு குணத்திலிருந்தே கிளைக்கின்றன.

தமிழின் முதல் பேசும் படமான காளிதாஸ் 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரல் திரையரங்கில் வெளியானது. அதற்கு அரை நூற்றாண்டு கழித்து, 1981-ல் வெளிவந்த தம் நூலில், ஈழத்துப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி ஒரு கூற்றை முன்வைத்தார். தமிழர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து கலை நிகழ்ச்சி கண்ட முதல் இடம் சினிமாக் கொட்டகைதான் என்றும், அங்கே இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பு அல்ல, வாங்கும் சக்தி என்றும் அவர் எழுதினார். தமிழ்ச் சினிமாவைப் பற்றி இதைவிடக் கூர்மையான வாக்கியத்தை நான் படித்ததில்லை.

எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸை நினைத்துக்கொண்டால் அந்த வாக்கியம் எனக்கு இன்னும் நன்றாக விளங்குகிறது. கீற்றுக் கொட்டகை, முன்னால் மணல், நடுவில் பெஞ்சு, பின்னால் சில மடக்கு நாற்காலிகள். பெண்கள் பக்கத்தைப் பிரிக்க இடுப்புயரச் சுவர். சீர்காழி கோவிந்தராஜன் குரலில் விநாயகர் பாட்டு ஒலிபெருக்கியில் எழுந்ததும், இன்னும் பத்து நிமிடத்தில் படம் போட்டுவிடுவார்கள் என்று வயற்காட்டில் இருந்தவர்களும் ஓடி வருவார்கள். ஒரே புரொஜெக்டர் என்பதால் சுருள் மாற்றுவதற்காக மூன்று நான்கு இடைவேளைகள். கொட்டகைக்கு எதிரே இருந்த டீக்கடையில் அப்போது சேரிக்காரர்களுக்குத் தனிக் குவளை. அதே ஆட்கள் டிக்கெட் வாங்கி உள்ளே வந்தால் மணலில் யார் யாரோடும் தொடை உரச உட்காரலாம். முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் யாராக இருந்தாலும் ‘தலையை இறக்கு’ என்று அதட்டலாம். வெளியே வந்ததும் பழைய உலகம் திரும்பிவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் அந்த மூன்று மணி நேரத்தை எந்தச் சீர்திருத்தச் சங்கமும் எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து தரவில்லை. லாபம் பார்க்க வந்த ஒரு கொட்டகைக்காரர் கொண்டுவந்தார்.

அதே கணக்கு திரைக்குள்ளும் ஓடியது. பராசக்தி 1952-ல் வெளிவந்தபோது மு. கருணாநிதியின் வசனங்கள் சிவாஜி கணேசனின் குரலில் எழுத்தறியாதவர் வாய்வரை போய்ச் சேர்ந்தன. வசனப் புத்தகங்கள் அச்சாகி விற்றன. நாலாம் வகுப்போடு நின்றவர்கூட அடுக்குமொழியில் அரைப் பக்கம் ஒப்பிப்பார். இலக்கணத் தமிழ் என்பது புலவர்களின் வீட்டுச் சொத்தாக இருந்த நிலை மாறுவதற்கு மேடைப் பேச்சோடு சேர்ந்து இந்த வசனங்களும் உதவின. அந்த மொழி செயற்கையானது, உணர்ச்சியைப் பிழிவது என்று பின்னால் வந்த விமரிசகர்கள் சொன்னது சரியே. ஆனால் அதைச் சொன்னவர்களில் பலர் சிறுவயதில் அதே வசனத்தைக் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தவர்கள்.

வாசிப்பிலும் இப்படித்தான் நடந்தது. கல்கியின் பொன்னியின் செல்வன் 1950-ல் தொடங்கி மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் வாரந்தோறும் வந்தது. வீட்டுப் பெண்கள் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, ஓவியங்கள் கசங்காமல் அடுக்கி, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டை வைத்து பைண்டு செய்துவைப்பார்கள். என் பெரியம்மாவின் டிரங்குப் பெட்டியில் அப்படி ஏழெட்டுக் கட்டுகள் இருந்தன. கதையின் நடுவே பல்பொடி விளம்பரமும் வந்து போகும். எனக்கு அதுவும் கதையின் பகுதி போலவே மனத்தில் பதிந்திருக்கிறது. பள்ளிப் படிப்பு நின்றுபோன பெரியம்மாவுக்கு எழுத்து மறந்துபோகாமல் காப்பாற்றியவை இந்த வார இதழ்கள்தாம். 1933-ல் தோன்றிய ‘மணிக்கொடி’, 1959-ல் தோன்றிய ‘எழுத்து’ ஆகிய இதழ்கள் இத்தகைய வணிக எழுத்திலிருந்து விலகி நின்றே இலக்கியம் செய்தன என்பது வரலாறு. அந்த விலகலுக்குத் தக்க காரணமும் இருந்தது. ஆனால் சிறுபத்திரிகைக்கு வந்து சேர்ந்த வாசகர்களில் பெரும்பாலோர் ஏதோவொரு தொடர்கதை வழியாகத்தான் வந்தார்கள். நேரே மௌனியின் சிறுகதைகளில் போய் விழுந்தவரை நான் சந்தித்ததில்லை.

இங்கே ஒரு கேள்வி எழும். தரம் குறைந்த பண்டம் சந்தையை நிரப்பும்போது அரசு கதவை அடைத்தால் என்ன? இதற்கு நம் பக்கத்தில் இரண்டு சோதனைகள் நடந்திருக்கின்றன. இரண்டின் முடிவும் வேறு வேறு என்பதால் இவற்றைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும்.

முதலாவது இந்தியாவில் நடந்தது. 1952-ல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர் சாஸ்திரிய இசையில் பயிற்சியுள்ளவர். சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்பது அவருடைய உறுதியான கருத்து. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு ஏறத்தாழ இடமே இல்லாமல் போயிற்று. நேயர்கள் சாஸ்திரிய சங்கீதத்தின் பக்கம் திரும்பினார்களா என்றால், இல்லை. வானொலிப் பெட்டியின் முள்ளை மட்டும் திருப்பினார்கள். இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு வடக்கே இந்தியிலும் தெற்கே தமிழிலும் வீடு வீடாக நுழைந்தது. எஸ்.பி. மயில்வாகனன், பின்னாளில் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகிய அறிவிப்பாளர்களின் குரல்கள் தமிழ்நாட்டுத் தேநீர்க்கடைகளில் உள்ளூர்க்காரர் குரல்களாகவே ஆகிவிட்டன. அன்றைய இந்திய அரசு நேயரை இழந்தபின், 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதியைத் தொடங்கி, விரட்டிய பாட்டை வாசல் வழியே அழைத்து வந்தது. மக்களுக்குத் தகுந்த மாற்று எதையும் கொடுக்காமல் பிடித்ததைப் பறித்தால் இப்படித்தான் ஆகும்.

இரண்டாவது சோதனை அந்த வானொலி ஒலித்த இலங்கையிலேயே நடந்தது. தமிழகத்து வணிக இதழ்கள் அங்கே மலையளவு இறங்கின. ஈழத்து எழுத்தாளருக்குத் தம் ஊரிலேயே வாசகர் கிடைக்கவில்லை. இதை எதிர்த்து முற்போக்கு எழுத்தாளர்கள் நெடுநாள் குரல் கொடுத்தார்கள். 1966-ல் யாழ்ப்பாணத்தில் தம் முடிதிருத்தும் நிலையத்தில் இருந்துகொண்டே மல்லிகை இதழைத் தொடங்கிய டொமினிக் ஜீவா போன்றவர்களுக்கு இது வெறும் ரசனைப் பிரச்சினையாக இருக்கவில்லை. தம் பேச்சும் தம் தெருவும் அச்சில் ஏறுமா என்ற பிரச்சினையாக இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் சிறிமாவோ பண்டாரநாயக்கா அரசு, தன் பொருளாதாரக் கொள்கையின் ஒரு பகுதியாக, இந்த இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. அப்போது ஏற்பட்ட வெற்றிடத்தில் வீரகேசரி நிறுவனம் மலிவு விலையில் ஈழத்து நாவல்களைத் தொடர்ந்து வெளியிட்டது. செங்கை ஆழியானின் வாடைக்காற்று அவ்வாறு வந்த ஒன்று; அது 1978-ல் திரைப்படமாகவும் ஆயிற்று. இந்த நாவல்களில் பல சாதாரண வெகுசன நாவல்களே. ஆனால் அவற்றின் மீனவர்கள் ஈழத்துக் கடலில் வலை வீசினார்கள், அந்த ஊர்த் தமிழில் திட்டிக்கொண்டார்கள். 1977-ல் ஆட்சி மாறித் திறந்த பொருளாதாரம் வந்ததும் தமிழக இதழ்கள் மீண்டும் வந்து இறங்க, அந்தப் பதிப்பு முயற்சி ஓய்ந்தது.

கேஸ்கர் அடைத்த கதவால் யாருக்கும் புதிதாக ஒரு குரல் கிடைக்கவில்லை. இலங்கையில் அடைக்கப்பட்ட கதவு, குறைந்த காலத்துக்கேனும், உள்ளூர் வெகுசனப் பண்பாடு ஒன்றை முளைக்கவிட்டது. கொழும்பு வாசகருக்கு விருப்பமான இதழை வாங்கும் உரிமையும் பறிபோயிற்று என்பதை மறைக்க வேண்டியதில்லை. கள்ளத்தனமாக வந்த இதழ்களைப் பலர் கைமாற்றிப் படித்தார்கள். ஆயினும் இதிலிருந்து ஒன்றை அறியலாம். வெகுசனப் பண்பாட்டின் முதன்மையான கெடுதல் அதன் தரக்குறைவில் இல்லை. பெரிய சந்தையை உடையவன் சிறிய சந்தைக்காரனின் பேச்சையும் தெருவையும் விற்பனைக்கு உதவாதவையாக ஆக்கிவிடுவதில் இருக்கிறது. சென்னை ஈழத்துக்குச் செய்ததை, கோடம்பாக்கம் நம் கிராமத்துக் கலைகளுக்கும் செய்தது.

அதற்கு நாகசுரத்தையே எடுத்துக்கொள்ளலாம். டி.என். ராஜரத்தினம் பிள்ளை 1940-ல் காளமேகம் படத்தில் நடித்தார். அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம் 1962-ல் கொஞ்சும் சலங்கை படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இணைந்து வாசித்த ஆபேரி ராகப் பாட்டு, சங்கீத சபையின் படியை மிதித்தே அறியாதவர்கள் காதிலும் நாகசுரத்தை நிறுத்தியது. 1968-ல் வந்த தில்லானா மோகனாம்பாள், கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையின் திரைவடிவம். அதில் சிவாஜிக்காக வாசித்த மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் தமிழ்நாடெங்கும் வீடுதோறும் அறிந்த பெயர்களானார்கள். கோயில் மதிலுக்குள்ளும் மிராசுதார் வீட்டுக் கல்யாணப் பந்தலிலும் இருந்த வாத்தியத்தைத் தரை டிக்கெட்டுக்கு இறக்கிக் கொண்டுவந்தது சினிமா. இதை நன்மை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

சென்ற ஆண்டு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். நாகசுரக்காரர் தோடியை எடுத்து இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. மாப்பிள்ளையின் தோழன் ஒருவன் வந்து, கைபேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, அந்த வாரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு படத்தின் பாட்டை வாசிக்கச் சொன்னான். அவர் சீவாளியைக் கழற்றி உதட்டில் ஈரப்படுத்தி மறுபடி பொருத்திக்கொண்டே அந்தப் பாட்டை ஒரு முறை கேட்டார். பிறகு பிசிறில்லாமல் வாசித்தார். அடுத்து இன்னொரு பாட்டு, அதற்கடுத்து இன்னொன்று. வரவேற்பு வாசலில் செண்டை மேளம் வேறு முழங்கிக்கொண்டிருந்தது. பந்தி நேரத்தில் அவரிடம் பேசினேன். பாட்டு வாசிக்க மாட்டேன் என்றால் அடுத்த முகூர்த்தத்துக்குக் கூப்பிட மாட்டார்கள் என்றார். அவர் மகன் கேட்டரிங் படிக்கிறானாம். ஆலாபனைக்கு இரண்டு மணி நேரம் காத்திருக்கும் காது குறைந்துவிட்டது. அந்தக் காதைக் குறைத்ததில், நாகசுரத்தை எல்லாருக்கும் கொண்டுபோன அதே சினிமாப் பாட்டின் மூன்று நான்கு நிமிட அளவுக்குப் பங்கு உண்டு. கிராமபோன் தட்டின் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டியிருந்த பாட்டு, தட்டு போய் எத்தனையோ ஆண்டுகள் ஆன பிறகும் அந்த அளவிலேயே நின்றுவிட்டது. கரகாட்டத்துக்கு நேர்ந்தது இதைவிடக் கொடுமை. சினிமாப் பாட்டுக்கு ஆடும் ரெக்கார்டு டான்ஸோடு போட்டி போட வேண்டி வந்ததில், ஆடுகிற பெண்ணின் உடையும் பேச்சும் மாறின. பிறகு அந்தப் பெண்ணையே பழித்தார்கள்.

அடுத்து, டிக்கெட் வாங்குகிறவர் யார் என்பதைப் பார்க்க வேண்டும். படத்தின் வசூல் முதல் மூன்று நாட்களில் தீர்மானமாகிறது. அந்த மூன்று நாட்களில் முண்டியடித்து வருகிறவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். ஆகவே காதல் அவர்கள் கண்ணால் காட்டப்படுகிறது. பெண் வேண்டாம் என்று சொன்ன பிறகும் பேருந்து நிறுத்தம் வரை, வீட்டு வாசல் வரை பின்தொடர்வது விடாமுயற்சியாகவும், அவள் இறுதியில் இணங்குவது இயல்பாகவும் பல பத்தாண்டுகளாகத் திரையில் வந்துகொண்டிருக்கிறது. மாறாக, மாலையில் வீட்டில் தொலைக்காட்சி முன் அமரும் பெண்களை எண்ணி விளம்பர விலை நிர்ணயிக்கப்படும்போது, கதையின் வலிய பாத்திரங்கள் எல்லாம் பெண்களாகிவிடுகிறார்கள். சன் டிவி 1993-ல் தொடங்கிய பின் பெருகிய நெடுந்தொடர்களில் குடும்பத்தை நடத்துவதும் பெண், கெடுப்பதும் பெண். ஆண்கள் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்த் திரும்புகிறார்கள். ஆனால் அந்தப் பெண்களின் போர்க்களம் சமையலறையைத் தாண்டுவதில்லை. எண்ணப்படுகிறவருக்கு முகம் கிடைக்கிறது. அவரைச் சலனப்படுத்தாத முகம்தான் கிடைக்கிறது.

எண்ணப்படாதவருக்கு அதுவும் இல்லை. கறுப்பு நிறம், குட்டை உருவம், திக்குவாய், திருநங்கையர் என்று நம் நகைச்சுவைக் காட்சிகள் யாரை வைத்துச் சிரிக்க வைத்தன என்று பட்டியல் போட்டால், அவர்கள் யாரும் பெருங்கூட்டமாக வந்து டிக்கெட் வாங்குகிறவர்கள் அல்லர் என்பது தெரியும். கறுப்பு நிறத்தவர் மட்டும் விதிவிலக்கு. பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் அந்த நிறம்தான், ஆனாலும் சிரித்தார்கள். முப்பதாண்டு வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஞாயிற்றுக்கிழமை வந்த நகைச்சுவைக் காட்சியின் ஒரு வரி, திங்கட்கிழமை காலை ஒரு பையனுக்குப் பட்டப்பெயராகிவிடும். அவன் பள்ளியை விட்டுப் போகும்வரை அது அவனை விடாது. சிவப்பழகு பற்றிய ஏக்கத்தைச் சினிமா உண்டாக்கவில்லை, நம் கல்யாணச் சந்தையில் அது முன்னரே இருந்தது. ஆனால் 1975-ல் அறிமுகமான ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்பதை எடுக்க 2020 வரை ஆயிற்று என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பார்ப்பதால் செய்கிறார்களா என்ற பழைய வழக்கிலும் ஒரே தீர்ப்பு சொல்ல முடியாது. புகைபிடித்தலைப் பொறுத்தவரை சான்று வலுவாக இருக்கிறது; திரையில் புகைப்பதைக் காண்பதற்கும் இளையோர் புகைக்கத் தொடங்குவதற்கும் காரண காரியத் தொடர்பு உண்டு என்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2012 அறிக்கை முடிவு செய்தது. இந்தியாவிலும் அதே ஆண்டு அக்டோபர் 2 முதல், புகையிலைக் காட்சி உள்ள படங்களில் எச்சரிக்கை காட்டுவது கட்டாயமாயிற்று. அதற்குப் பத்தாண்டு முன்னரே, 2002-ல் பாபா படம் வந்தபோது, ரஜினிகாந்த் திரையில் புகைப்பதை எதிர்த்துப் பா.ம.க. போராடியது, அந்தப் போராட்டத்தின் அரசியல் நோக்கம் எதுவாக இருந்தாலும் விஷயம் சரியானது. வன்முறைக் காட்சி பார்த்தவர் வன்முறையில் இறங்குவார் என்ற கூற்றுக்கு இந்த அளவு தெளிவான சான்று இல்லை. ஆய்வாளரிடையே இன்றும் சச்சரவு உண்டு. எல்லாக் குற்றத்தையும் சினிமாவின் தலையில் போடுகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

ரசிகர்கள் ஏமாளிகள் என்ற குற்றச்சாட்டையும் அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. எம்.ஜி.ஆர். 1972-ல் கட்சி தொடங்கி 1977-ல் முதல்வரானார் என்பதை மட்டும் சொல்லிவிட்டு, திரையில் பார்த்ததை நம்பி வாக்களித்துவிட்டார்கள் என்று முடிப்பது வழக்கம். அப்படியானால் நடிப்பில் யாருக்கும் குறையாத, ரசிகர் மன்றங்களும் நிறைந்த சிவாஜி கணேசன் 1988-ல் சொந்தக் கட்சி தொடங்கி, 1989-ல் திருவையாற்றில் நின்று ஏன் தோற்றார்? கட்சி அமைப்பு, பல ஆண்டுத் தெருப் பணி, ஏழைகளின் உண்மையான குறைகள் ஆகியவை சேராமல் திரை மட்டும் வாக்கைத் தருவதில்லை. எனினும் பிம்பத்தை நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற தவிப்பு உயிர்களை வாங்கக்கூடியது. 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் நடிகர் விஜய்யின் கட்சிப் பரப்புரைக் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அவர்களில் உண்டு. யார் பொறுப்பு என்பதை விசாரணை சொல்லட்டும். கைக்குழந்தையோடு மணிக்கணக்காக வெயிலில் நின்ற அந்தத் தாய்மார்களை முட்டாள்கள் என்று எழுதியவர்களின் மேட்டிமைத்தனத்தை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

நம்பிக்கை தரும் ஒரு பக்கமும் இதில் உண்டு. அதுவும் காசுக் கணக்கிலிருந்தே வருகிறது. ஒரு பாட்டை உருவாக்க ஆகும் செலவு குறையக் குறைய, சிறிய கூட்டத்துக்கும் பாட்டு கிடைக்கிறது. 1980-களில் கேசட் வந்தபோது அது நடந்தது. பாட்டுகளின் பட்டியலைத் தாளில் எழுதிக் கொடுத்தால் கடைக்காரர் அறுபது நிமிடக் கேசட்டில் பதிந்து தருவார்; அதே அலமாரியில் நாகூர் ஹனிபாவின் இசுலாமியப் பாடல்களும், எல்.ஆர். ஈஸ்வரியின் மாரியம்மன் பாடல்களும், உள்ளூர்க் குலசாமிக்கு யாரோ பாடிய பாட்டும், சென்னை வட்டாரத்துக் கானாவும் இருந்தன. கிராமபோன் கம்பெனிக்காரர் ஒருநாளும் ஏறெடுத்துப் பார்த்திராத குரல்கள் அவற்றில் பல. சாவு வீட்டில் பாடும் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட கானா, 2018 ஜனவரியில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழுவாகச் சென்னையில் மேடையேறி, சாதியை நேருக்கு நேர் பேசியது. இன்று கைபேசி ஒன்று போதும்.

ஆனால் மலிவு என்பது எல்லாருக்கும்தான் மலிவு. சாதிப் பெருமை பாடும் பாட்டுகளும் அதே கைபேசியில், அதே யூடியூபில் பெருகிக் கிடக்கின்றன. தென் மாவட்டக் கோயில் கொடைகளில், அடுத்த தெரு ஒலிபெருக்கிக்குப் பதிலடியாக ஒரு பாட்டைப் போட்டு, அதிலிருந்து கைகலப்பு மூண்ட கதைகளை அங்குள்ள எந்தக் காவலரும் சொல்வார். ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி தரும்போது சாதிப் பாட்டு கூடாது, ஆபாசம் கூடாது என்று நீதிமன்றம் நிபந்தனை எழுத வேண்டியிருக்கிறது.

இனி இரண்டாவது கேள்வி: பிள்ளைகளை விலக்கி வைக்கலாமா? என் அனுபவத்தில் அது நடவாத காரியம். வீட்டில் அணைத்த திரை அடுத்த வீட்டில் ஒளிரும். வடிவேலுவின் வசனம் தெரியாத பிள்ளை வகுப்பில் பாதிப் பேச்சு புரியாமல் விழிக்கும். நமக்குப் பழமொழி இருந்த இடத்தில் அவர்களுக்கு அந்த வசனங்கள் இருக்கின்றன. 2019 மே மாதத்தில் நேசமணி என்ற ஒரு நகைச்சுவைப் பாத்திரத்துக்காகத் தமிழர்கள் ஒன்றுகூடிப் பிரார்த்திப்பதுபோல் விளையாடி, அந்தப் பெயரை உலகமே என்னவென்று கேட்கும்படி செய்தார்களே, அந்தக் குதூகலத்திலிருந்து ஒரு பிள்ளையைத் தள்ளி வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. மிகச் சிறிய பிள்ளைகள் எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்பது வேறு விஷயம். அது தூக்கத்தையும் கண்ணையும் சார்ந்தது, மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யலாம்.

பணி ஓய்வுக்கு முந்தைய சில ஆண்டுகளில் ஒன்பதாம் வகுப்பில் நான் ஒரு வேலை கொடுப்பேன். பிடித்த நகைச்சுவைக் காட்சி ஒன்றைப் பார்த்துவிட்டு, யார் அடிக்கிறார், யார் அடி வாங்குகிறார், அடி வாங்குகிறவர் எதற்காக வாங்குகிறார் என்று நோட்டில் எழுதி வர வேண்டும். பார்க்காதே என்று நான் சொன்னதில்லை. முதலில் சிரித்துக்கொண்டே எழுதுவார்கள். மூன்றாவது வாரத்தில் யாராவது ஒருவர், ‘ஐயா, இவர் கறுப்பா இருக்கிறதைத் தவிர வேற எதுவும் செய்யலையே’ என்று வந்து நிற்பார். பிறகு அவர்களாகவே பாட்டி பார்க்கும் தொடரையும் எண்ணத் தொடங்கினார்கள். மருமகள் வீட்டை விட்டு வெளியே போகும் காட்சி ஒரு வாரத்தில் எத்தனை முறை வருகிறது என்று பார்த்தார்கள். ஒருநாள் ஒரு மாணவி எழுந்து, தமிழ்ப் பாடப் புத்தகத்தையும் இப்படி எண்ணிப் பார்க்கலாமா, அதில் பெண்கள் எத்தனை பாடத்தில் பேசுகிறார்கள் என்று கேட்டார். எண்ணச் சொன்னேன்.